பெரியக்காவின் பாதித் தெரு

ஒரு துணியை என் கையில் கொடுத்தால் முதலில் அதைக் குப்புறப் போட்டுத்தான் பார்ப்பேன். படத்துக்குச் சட்டம் அடிக்கிறவனுக்கு முன்பக்கத்தில் என்ன வேலை? முன்பக்கத்தை ஊரே பார்த்துக்கொள்ளும். ஆணி இறங்குவதும் கம்பி கட்டுவதும் பசை தடவுவதும் பின்பக்கம். என் மனைவி இருந்தவரைக்கும், மனுஷர்களையும் நான் இப்படித்தான் குப்புறப் போட்டுப் பார்க்கிறேன் என்று திட்டுவாள். பாதி நிஜம்தான்.

என் கடைக்கு மேலே மாடியில் குடியிருப்பவள் துணியில் சித்திரம் தைக்கிறவள். சித்திரம் என்றால் பூவும் கிளியும் இல்லை. ஒருதரம் கிழிந்த குடைத்துணியை எல்லாம் சேர்த்து, ஒரு சுவர் அகலத்துக்கு மழை தைத்தாள். இன்னொருதரம் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பழைய சட்டைப் பை மட்டும் கேட்டு வாங்கி வந்தாள். என்ன பைத்தியக்காரத்தனம் என்று நானும் ஒரு பையைப் பிய்த்துக் கொடுத்தேன். அதன்மேல் நூலாலேயே ஒரு சின்னச் சுத்தியல் தைத்திருந்தாள், பிடியில் இருக்கிற வெடிப்பு உட்பட. அன்றிலிருந்து அவள் என்ன கொண்டுவந்தாலும் சட்டம் நான்தான் போடுவேன். என்னை அண்ணே என்பாள். புருஷன் பஸ் ஓட்டுகிறவன். நல்ல பிள்ளை, வாயைத் திறந்தால் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சு வராது.

அவளுடைய அக்காவைத் தெருவில் எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைத் தொழிற்சாலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்து காலர் தைத்துத் தைத்தே பாதி ஆயுசைக் கழித்தவர். இரண்டு தெரு தள்ளி சொந்த வீடு. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. தன் வீட்டுக்கு ஒட்டடைகூடத் தானே அடிப்பார், யாரையும் ஒரு கை பிடிக்கச் சொல்ல மாட்டார். அப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பக்கவாதம். தங்கை போய்க் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொண்டாள். கால் ஒருவழியாகத் தேறிவிட்டது. கை பாதிதான் வந்தது. டம்ளரைப் பிடிக்கும், பிடித்ததை வைத்திருக்காது.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்து போய்க்கொண்டிருந்தாள். ரப்பர் பந்தை அமுக்கு, துணிக்கிளிப்பைப் போடு எடு என்று சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லுவாள். பெரியக்காவுக்கு ஆத்திரமாக வரும். அந்தப் பந்து மாடியிலிருந்து என் கடை வாசலில் எத்தனையோ தரம் வந்து விழுந்திருக்கிறது. நான் எடுத்து மரத்தூளைத் துடைத்து வைப்பேன். சாயந்திரம் தங்கை வந்து வாங்கிக்கொண்டு போவாள்.

அப்போதுதான் தங்கைக்கு அந்த யோசனை வந்தது. கண்காட்சிக்கூடம் நடத்துகிற ஒரு பெண்மணி அவளிடம் புதிதாக ஏதாவது பெரிதாகச் செய்யச் சொல்லியிருந்தார். இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலையாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தார். இவள் அக்காவிடம் போய் உட்கார்ந்து, பந்தை அமுக்குவதைவிட ஊசியைப் பிடிக்கலாம் வா என்றாள். தொழிற்சாலைத் தோழிகள் மிஞ்சின வெள்ளைச் சட்டைத்துணியை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார்கள். அதையெல்லாம் ஒட்டுப்போட்டு ஒரு கட்டில் விரிப்பு அளவுக்கு ஒரே துணியாக்கினாள். அதில் நீல நூலால் தெரு. அக்கா வீட்டிலிருந்து தங்கை வீடுவரை இருக்கிற தெரு, விளக்குக் கம்பம், மூலைத் தண்ணீர்க்குழாய், ஷட்டர் போட்ட கடைகள், என் கடையும் சேர்த்து. அக்கா தன் வாசற்படியிலிருந்து தைத்துக்கொண்டு வரவேண்டும். தங்கை தன் வாசற்படியிலிருந்து தைத்துக்கொண்டு போகவேண்டும். தண்ணீர்க்குழாய்கிட்ட இரண்டு பேரும் சந்திக்கவேண்டும்.

துணி ஆடாமல் நிற்க நான் கால் வைத்த ஒரு சட்டம் செய்து கொடுத்தேன். பெரியக்கா அதன்முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோத்துத் தருவது தங்கை. முனையில் முடிச்சுப் போடவும் அந்தக் கைக்கு வராது, அதனால் பெரியக்கா ஒரே இடத்தில் ரெண்டு மூணு குத்து குத்திவிட்டு, நூலின் வாலைப் பின்பக்கம் தொங்கவிட்டுவிடுவார். முடிச்சையும் நானே போட்டுத் தருகிறேன் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். கோத்துக் கொடுத்ததே போதும், நீ உன் வாசலைப் பார் என்று பதில் வந்திருக்கிறது.

முதல் வாரம் நான் மேலே போய்ப் பார்த்தேன். வாசற்படி தைத்திருந்தார், கதவில் பாதி தைத்திருந்தார். ஒரு தையல் நெல்லு நீளம், அடுத்தது விரல் நீளம். நிலைக்கால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"எப்படி இருக்கு சட்டக்காரரே? குடிச்சிட்டு வீடு திரும்பறவன் பாத்த கதவு மாதிரி இருக்கா?" என்றார் பெரியக்கா.

எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னேன். பொய் இல்லை. பார்த்தால் இது ஒரு ஆளுடைய கதவு என்று தெரிந்தது. ஆனால் எனக்குப் பிடித்து என்ன ஆகப்போகிறது?

மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் கண்காட்சிக்கூடத்துப் பெண்மணி வந்தார். கழுத்தில் கயிறு கட்டிக் கண்ணாடி தொங்கும், ஆனால் அன்றுவரை அதை அவர் போட்டு நான் பார்த்ததே இல்லை. குடையை மடக்கி என் கடையில் வைத்துவிட்டு மேலே போனார். சட்டத்துக்கு அளவு சொல்ல என்னையும் கூப்பிட்டார்கள். தங்கை தைத்த பக்கத்தைப் பார்த்து வாய் ஓயாமல் பேசினார். அப்புறம் நகர்ந்து பெரியக்கா தைத்த பக்கத்துக்கு வந்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். கழற்றினார். டீ நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அந்தம்மா மனதில் என்ன இருந்ததோ, ஒருவேளை நல்லதாகவே இருந்திருக்கலாம். தங்கை முகத்தை நான் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக் கழற்றினதே அவளுக்குப் போதும்.

அதற்குப் பிறகு பெரியக்காவின் தையல் நேராக ஆரம்பித்தது.

ஒரே நாளில் இல்லை, மெள்ள மெள்ள. கதவு முடிந்து பக்கத்துச் சுவர் வந்தபோது கோடு ஓரளவு படிந்திருந்தது. விளக்குக் கம்பம் நிமிர்ந்தே நின்றது. பெரியக்கா படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி, என் முக்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றியே பேசுவார். ராத்திரி தைக்கும்போது கோணல்மாணலாகத்தான் தெரிகிறதாம். மறுநாள் சாயந்திரம் போய்ப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லையாம். விளக்கு வெளிச்சத்தில் அப்படித் தெரியுது, பகலில் பார், நீயே அசந்துபோவே என்று தங்கை சொன்னாளாம்.

"கை திரும்பி வருது சட்டக்காரரே. என் கைதான், எனக்குத் தெரியாதா? மெஷின்ல போனா எப்படி நூல் பிடிச்ச மாதிரி போகுமோ அப்படிப் போகுது" என்றார்.

சொல்லிக்கொண்டே என் மேஜையிலிருந்து ஒரு ஆணியை எடுத்தார். அது விரலிடுக்கில் நிற்காமல் நழுவி மரத்தூளில் விழுந்தது. குனிந்து பார்த்துவிட்டு, ஆணி வேறே ஊசி வேறே என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக அந்த முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கண்காட்சி முடிந்த கையோடு தன் வீட்டுக்குப் போய்விடப் போவதாகச் சொன்னார். பூட்டிக் கிடந்தால் கரையான் பிடித்துவிடும், தங்கை புருஷன் எத்தனை நாளைக்கு நடுக்கூடத்தில் பாயைப் போட்டுப் படுப்பான் என்றார். அதோடு, திறப்பு விழா அன்று ஜனங்களுக்கு முன்னால் உட்கார்ந்து கடைசிக் கொஞ்சத்தைத் தைத்துக் காட்டப் போவதாகவும், தொழிற்சாலைத் தோழிகள் எல்லோரையும் வரச்சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

அந்த வாரத்தில்தான் பயிற்சிப் பெண்ணுக்குப் புதுச் சேலை ஒன்றைக் கொடுத்து, உன் வேலை முடிஞ்சுது, போய் இன்னொருத்தர் கையைப் பார் என்று அனுப்பிவிட்டார். அவள் கீழே வந்து கடை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். விரலில் பிடி இன்னும் வரவில்லையே, அந்தக் கையால் இவ்வளவு நேராக எப்படித் தைக்கிறார்கள் என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? இப்போது விட்டுவிட்டால் வந்ததும் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேலே தங்கையின் நடவடிக்கையும் ஒரு தினுசாக இருந்தது. அவள் புருஷன் வண்டி முடிந்து வருகிறபோது என்னிடம் புலம்புவான். முட்டை வாங்கினால் அத்தனையும் அக்காவுக்காம், மீனிலும் நல்ல துண்டு அக்காவுக்காம். அது பரவாயில்லை, தான் சாப்பிடுவதே இல்லையாம். தட்டை எடுத்து வைப்பதும், எழுந்து போய் அக்காவின் தலைகாணி உறையை மாற்றுவதும், திரும்பி வந்து தட்டை மூடுவதுமாக இருக்கிறாளாம். "நான் என்னமோ பண்ணிட்ட மாதிரி பாக்கறா அண்ணே. நான் ஒண்ணுமே பண்ணலை" என்றான் பாவம்.

துணி என் மேஜைக்கு வந்த அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. கண்காட்சியில் நிறுத்துவதற்கு ஓரம் மடிக்கவேண்டும் என்று சட்டத்தோடு கீழே கொண்டுவந்தாள். நான் வழக்கப்படி குப்புறப் போட்டேன். அவள் பக்கம் சுத்தமாக இருந்தது, ஒவ்வொரு நூலும் எள்ளு மாதிரி ஒரு முடிச்சில் ஆரம்பித்திருந்தது. பெரியக்கா பக்கத்தைத் தடவினேன். அங்கேயும் முடிச்சு. வாசற்படிகிட்ட மட்டும் கொஞ்சம் வால் தொங்கியது. மற்ற இடமெல்லாம் எள்ளு முடிச்சு.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ பிரிச்சே?" என்று கேட்டேன்.

மத்தியான மாத்திரை போட்டால் அக்கா அடித்துப் போட்டமாதிரி தூங்கிவிடுவாராம், அப்போதுதான். முதலில் ரொம்பக் கோணலாக இருந்த நாலு தையலை மட்டும் எடுத்தாளாம். எடுத்த இடத்தில் தான் தைத்ததும், அதற்குப் பக்கத்தில் இருந்தது இன்னும் மோசமாகத் தெரிந்ததாம். அதையும் எடுத்தாளாம். துணியில் ஓட்டை தெரியாமல் இருக்க ஈரத்துணியால் ஒற்றி நகத்தால் தேய்த்து மூடினாளாம். சொல்லச் சொல்ல அவள் குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"அவளுக்காகப் பண்ணினேன்னு நினைச்சுட்டிருந்தேன் அண்ணே. நாலு பேர் பாத்துச் சிரிக்கக்கூடாதேன்னு. அது பொய். என் வேலைக்குப் பக்கத்துல அது தொங்கறதைத்தான் என்னால பாக்க முடியலை."

"சொல்லிடு."

"எதைச் சொல்றது? அந்தப் பொண்ணை அனுப்பிட்டா. வீட்டுச் சாவியை எடுத்துத் தலைமாட்டுல வெச்சிருக்கா. சாயந்திரம் தூங்கி எழுந்ததும் துணிகிட்டப் போய் நின்னு விரலை மடக்கி நீட்டிப் பாத்துக்கறா. அந்த நேரத்துல நான் சமையல்கட்டுல போய் ஒளிஞ்சுக்கறேன். நான் தைச்சதைப் பாத்து அவ தன் கையை நம்பறா. கடவுளே, இந்தப் பாவம் ஒரு ஜென்மத்துக்கும் தீராது எனக்கு."

எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. ஆனால் அழுகிறவளை என்னவென்று திட்டுவது? பெரியக்கா தனியாகப் போய் அந்த வீட்டில் கொதிக்கிற தண்ணீரைத் தூக்கினால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் ஓரத்தை மடித்து முடித்தேன்.

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நானும் அவளும் மாடி ஏறினோம். பெரியக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மழை விட்டு நல்ல வெயில். மடியில் ஒரு துண்டுத் துணியை வளையத்தில் மாட்டி வைத்துக்கொண்டு, திறப்பு விழாவுக்குப் பழகிக்கொண்டிருந்தார். நாங்கள் சட்டத்தைச் சுவரில் சாய்த்ததும் அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டினார். ஒரு தையல் நெல்லு நீளம், அடுத்தது விரல் நீளம்.

"பட்டப்பகல்ல தைச்சும் இப்படித்தான் வருது. நாலு பேருக்கு முன்னாடி உக்காரணும்னு நினைச்சாலே கை உதறுது போல. பெரிய துணியில ஒழுங்காப் போற கை இதுல ஏன் போகலை?" என்றார் தங்கையைப் பார்த்து.

தங்கை கீழே உட்கார்ந்துவிட்டாள். அக்காவின் காலைத் தொடவும் இல்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதுல போனது உன் கை இல்லைக்கா. என் கை. நீ தூங்கினதுக்கப்புறம் பிரிச்சுட்டு நான் தைச்சேன்."

கீழே தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான், அது கிளம்பவில்லை. பெரியக்கா வளையத்தை மடியில் வைத்தார். எனக்குக் கிளம்பிவிடலாம் போலிருந்தது, ஆனால் அவர்களைத் தாண்டித்தான் கதவுக்குப் போகவேண்டும். பெரியக்கா எழுந்து துணியின் பக்கத்தில் போனார்.

"இதுல என்னது எது?"

தங்கை தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கேக்கறேன்ல? எந்திரிச்சு வந்து காட்டு."

அவள் எழுந்து வந்து விரலை வைத்தாள். வாசற்படி. கதவில் அடிப்பாதி. அவ்வளவுதான். பெரியக்கா அந்த இடத்தைத் தடவினார், அங்கிருந்து விளக்குக் கம்பத்தை, ஷட்டர்களை, தண்ணீர்க்குழாய்வரை போகிற அழகான நேர்க்கோட்டை எல்லாம் பார்த்தார்.

"அப்போ நான் இன்னும் என் வாசலைத் தாண்டவே இல்லை" என்றார். "நீயே ரெண்டு பக்கமும் நடந்துட்டே."

சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் தங்கைக்கு நன்றாக இருந்திருக்கும். பெரியக்கா திட்டவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டார், மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொண்டார், தங்கையோடு மட்டும் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூடத் தங்கை புருஷனைப் பார்த்துக் கேட்டார். அவன் எடுத்துக் கொடுத்துவிட்டு, கீழே வந்து என்னிடம், அண்ணே நான் ரெண்டு வண்டி சேர்த்து ஓட்டினாலும் பரவாயில்லை, வீட்டுக்குப் போகப் பயமாயிருக்கு என்றான்.

தங்கை துணியைக் கண்காட்சிக்குக் கொடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்தாள். கூடத்துப் பெண்மணியிடமும் சொல்லிவிட்டாள். பெரியக்காவுக்கு இது எப்படித் தெரிந்ததோ, படியிறங்கி வந்து என் முக்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தத் துணி அங்க தொங்கணும். நான் உக்காருவேன்னு நாலு பேருக்குச் சொல்லிட்டேன், உக்காருவேன். இதை மேல போய்ச் சொல்லிடுங்க. நான் அவகூடப் பேசறதா இல்லை."

என்ன செய்யப் போகிறார் என்று எனக்கே பயமாக இருந்தது. தங்கைக்குக் கேட்கவே வேண்டாம். அக்கா எல்லோர் முன்னாலும் தன் மானத்தை வாங்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். வாங்கட்டும், எனக்கு வேணும் என்றாள் என்னிடம். அந்த வாரம் முழுக்க அவள் வேறொரு வேலையும் தொடவில்லை. ஊசிப் பெட்டியை அலமாரியின் மேல் தட்டில் தூக்கி வைத்திருந்தாள்.

திறப்பு விழா அன்று கூடத்து வாசலில் ஈரக் குடைகள் கிடந்தன. குடைத்துணி மழை ஒரு சுவரில், சட்டைப் பைகள் ஒரு சுவரில். நடுவில், என்னுடைய கால் வைத்த சட்டத்தில் தெரு நின்றது. கீழே ஒரு அட்டையில், சகோதரிகள் இருவர் சேர்ந்து தைத்தது என்று எழுதியிருந்தது. தங்கை அந்த அட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தொழிற்சாலைப் பெண்கள் கும்பலாக வந்து, எங்க பெரியக்கா எங்க பெரியக்கா என்று நாற்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள். நேரான தையலைப் பார்த்து, மெஷின்காரி கையாச்சே என்று ஒருத்தி சொன்னாள். தங்கை கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

பெரியக்கா பையிலிருந்து தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தார். சிவப்புப் பிடி போட்டது, தங்கையுடையது. இடது கையால் துணியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால், கதவில் தங்கை தைத்த முதல் தையலுக்கு அடியில் அதை நுழைத்து இழுத்தார். நூல் அறுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கத்தி நழுவும், மறுபடி எடுத்து நுழைப்பார். பிரித்த நீல நூலை மடியில் சேர்த்துக்கொண்டே வந்தார். கும்பல் கிட்ட நெருங்கி வந்தது. கூடத்துப் பெண்மணி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னக்கா பண்றீங்க? நல்லாத்தானே இருக்கு?" என்று ஒரு தோழி கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. என் தங்கச்சி தைச்சது, நல்லா இல்லாம என்ன? ஆனா இது நான் தைக்கவேண்டிய பக்கம்" என்றார் பெரியக்கா.

எல்லோரும் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எங்கேயும் போகவில்லை. கதவின் மேல்பாதியும் சுவரும் போய், விளக்குக் கம்பமும் முழுக்கப் போகிறவரை, வெறும் ஊசி ஓட்டைகள் மட்டும் ஒரு கம்பமாக நிற்கிறவரை அங்கேயே நின்றாள். கன்னத்தில் ஓடினதைத் துடைக்கவும் இல்லை. பெரியக்கா கத்தியை மடியில் வைத்துவிட்டு விரல்களை மடக்கி நீட்டினார். வலித்திருக்கவேண்டும். அப்புறம் அத்தனை நாளில் முதல் தரமாகத் தங்கையைப் பார்த்துப் பேசினார்.

"அந்தப் பயிற்சிப் பொண்ணை நாளைக்கு வரச்சொல்லு. அந்தப் பந்து எங்க கிடக்குன்னு சட்டக்காரரைக் கேளு. இப்போ நூலைக் கோத்துக் குடு."

கண்ணை மூடிக்கொண்டே நூல் கோத்துவிடக்கூடியவளுக்கு அன்றைக்கு ஊசிக் காது அகப்படவில்லை. நூலை எச்சில் தொட்டுத் தொட்டு மூன்று தரம் தவறவிட்டாள், ஒருவழியாகக் கோத்தாள். கோத்த வேகத்தில், பழக்கதோஷம், மறுமுனை அவள் விரலைச் சுற்றி முடிச்சுக்குத் திரும்பியது.

"முடிச்சுப் போடாதே" என்றார் பெரியக்கா.

அவள் சுற்றைப் பிரித்துவிட்டு, வெறும் வாலோடு ஊசியை நீட்டினாள். பெரியக்கா அதை வாங்கி, கதவில் தான் விட்ட இடத்தைத் தேடிக் குத்தினார். ஒரு தையல் நெல்லு நீளம் வந்தது, அடுத்தது விரல் நீளம். தங்கை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள்.